வருமானம் அறுவடைக்கு ஒருமுறை, பில் மாதத்துக்கு ஒருமுறை! கிரெடிட் கார்டு கடனிலிருந்து வெளியே வர பாபநாசம் பக்கத்து வழிகள்

பாபநாசம் திருப்பாலைத்துறை பாலைவனநாதர் கோயிலுக்குப் போகிறவர்கள், அங்கே இருக்கும் செங்கல் நெற்களஞ்சியத்தைப் பார்த்து ஒரு நிமிடமாவது நின்றுவிடுவார்கள். நாயக்கர் காலத்தில் கட்டியது. 3,000 கலம் நெல் கொள்ளும் என்பார்கள். வருடத்தில் ஓரிரு முறை மட்டுமே விளைந்து வருவதை, அடுத்த விளைச்சல் வரை பிரித்துச் சாப்பிட வேண்டிய ஊருக்கு அப்படியொரு கட்டடம் தேவைப்பட்டது.

ஊரின் வருமானம் இன்றும் ஏறக்குறைய அதே தாளத்தில்தான் வருகிறது. மேட்டூர் திறந்து, தண்ணீர் குடமுருட்டிக்கு வந்து, குறுவை அறுத்து, சம்பாவும் தாளடியும் அறுத்து, நெல் கொள்முதல் நிலையத்தில் எடை போட்டு, பணம் வங்கிக் கணக்கில் ஏறினால்தான் கடைத்தெரு களைகட்டும். ஆனால் செலவு மாறிவிட்டது. டீக்கடை வரை கியூ.ஆர் அட்டை வந்துவிட்டது. 2022 செப்டம்பரிலிருந்து ரூபே கிரெடிட் கார்டை யு.பி.ஐ-யில் இணைக்கும் வசதியும் வந்த பிறகு, பால் பாக்கெட்டிலிருந்து உர மூட்டை வரை கடனில் வாங்குவது ஒரு ஸ்கேன் தூரத்துக்கு வந்துவிட்டது. 2024 தொடக்கத்தில் இந்தியாவில் புழக்கத்தில் இருந்த கிரெடிட் கார்டுகள் 10 கோடியைத் தாண்டின.

கிரெடிட் கார்டு மாதச் சம்பளக்காரர்களை மனதில் வைத்துச் செய்யப்பட்ட பொருள். ஒன்றாம் தேதி சம்பளம், பதினைந்தாம் தேதி பில், முழுவதையும் கட்டிவிட்டால் வட்டியே கிடையாது. அப்படி வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல வசதிதான். ஜூலையில் நாற்றங்காலுக்குச் செலவழித்துவிட்டு பிப்ரவரியில் பணம் பார்க்கும் வீட்டுக்கு, நடுவில் வரும் ஏழு பில்களும் ஏழு பொறிகள்.

மாதம் நாலு சிப்பம் நெல்

ஒரு குடும்பத்தை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். பெயர் வேண்டாம்; கொஞ்சம் முன்னே பின்னே பல வீடுகளுக்கும் இது பொருந்தும். கணவருக்கு கும்பகோணத்தில் ஜவுளிக்கடை வேலை. ஊரில் இரண்டு மூன்று ஏக்கர் நிலம். மாமியாரின் ஆஸ்பத்திரிச் செலவும் மகளின் காலேஜ் ஃபீஸும் ஒரே மாதத்தில் சேர்ந்து வர, கார்டில் 1 லட்சம் ரூபாய் ஏறிவிட்டது. ஸ்டேட்மென்ட்டில் 'மினிமம் டியூ 5,000' என்று இருக்கிறது. மாதாமாதம் தவறாமல் அதைக் கட்டுகிறார். "அதான் ஒழுங்கா கட்டிக்கிட்டு வர்றேனே" என்று வீட்டில் சொல்கிறார். மனைவியும் நம்புகிறார். அவர் பொய் சொல்லவும் இல்லை.

கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. பல கார்டுகளில் வட்டி மாதம் 3.5 சதவிகிதம் அல்லது அதற்குக் கொஞ்சம் மேல். 1 லட்சத்துக்கு ஒரு மாத வட்டி 3,500 ரூபாய். அந்த வட்டிக்கு 18 சதவிகிதம் ஜி.எஸ்.டி, அதாவது 630 ரூபாய். மொத்தம் 4,130. அவர் கட்டிய 5,000-த்தில் கடனைக் குறைத்தது வெறும் 870 ரூபாய்.

மாதம் 5,000 என்று மாறாமல் கட்டிக்கொண்டே போனால், கார்டை ஒருமுறைகூடத் தேய்க்காவிட்டாலும், கடன் தீர 43 மாதங்களுக்கு மேல் ஆகும். கையைவிட்டுப் போவது சுமார் 2 லட்சத்து 16 ஆயிரம். நிலுவை குறையக் குறைய மினிமம் டியூவும் குறைகிறதே என்று, கேட்ட குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் நிலைமை இன்னும் மோசம். 1 லட்சம் 50 ஆயிரமாகக் குறையவே ஐந்து வருடத்துக்கு மேல் ஆகிவிடும்.

டெல்டாக்காரர்களுக்குப் புரிகிற மாதிரியும் சொல்லலாம். 2025-26 பருவத்தில் சன்ன ரக நெல்லுக்கு தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்துக் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். மாதம் 4,130 ரூபாய் என்றால், கொள்முதல் நிலையத்தின் 40 கிலோ சிப்பத்தில் நாலு சிப்பம். மாதாமாதம் நாலு சிப்பம் நெல்லை, அசலில் சேராமல், வட்டியாகவே அளந்து கொட்டுவது. வருடத்துக்கு 48 சிப்பம்.

'இவ்வளவு வட்டி வாங்க சட்டம் எப்படி அனுமதிக்கிறது?' என்ற கேள்வி நியாயமானது. 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம், வருடத்துக்கு 30 சதவிகிதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தீர்ப்பளித்தது. வங்கிகள் மேல்முறையீடு செய்தன. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. ஆகவே இன்று அந்த 30 சதவிகித உச்சவரம்பு இல்லை. தமிழ்நாட்டில் கந்துவட்டி, மீட்டர் வட்டிக்கு எதிராக 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. கார்டு வட்டியோ வருடத்துக்கு 42 சதவிகிதத்தைத் தொட்டாலும், அது சட்டப்படியான வட்டி. கேட்க ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் அதுதான் நிலைமை.

கார்டு முதலில் போனை விட்டுப் போகட்டும்

கடனை அடைக்க வழி தேடும் முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. போன பில்லை முழுதாகக் கட்டாதவருக்கு, '45 நாள் வட்டியில்லை' என்ற சலுகை கிடையாது. இன்று காலை ஸ்கேன் செய்த டீக்கும் இன்றிலிருந்தே வட்டி ஓடும். பலருக்கு இது தெரிவதில்லை. ஆகவே யு.பி.ஐ ஆப்பிலிருந்து கார்டை நீக்க வேண்டும். ஆன்லைன் கடைகளில் சேமித்து வைத்த கார்டு எண்ணை அழிக்க வேண்டும். மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் சந்தாக்களை நிறுத்த வேண்டும். கார்டை வெட்டிப்போட வேண்டியதில்லை. வங்கியின் ஆப்பிலேயே ஆன்லைன் பயன்பாட்டை அணைத்து வைக்கலாம்.

சில கடைகளில் கார்டைத் தேய்த்தால், கமிஷன் பிடித்துக்கொண்டு கையில் ரொக்கம் தருவார்கள். ஒரு கார்டின் பில்லைக் கட்ட இன்னொரு கார்டைத் தேய்ப்பது, அதைக் கட்ட மூன்றாவது கார்டு. 'சுத்தி விடுறது' என்று இதற்குச் செல்லப்பெயர் வேறு. ஒவ்வொரு சுற்றிலும் 2, 3 சதவிகிதம் கரைந்துகொண்டே இருக்கும். ஒருநாள் ஏதாவது ஒரு வங்கி லிமிட்டைக் குறைத்தால், எல்லா பில்லும் ஒரே வாரத்தில் தலையில் விழும். ஏ.டி.எம்-மில் கிரெடிட் கார்டு போட்டுப் பணம் எடுப்பதும் இதே ரகம்தான். எடுத்த நிமிடத்திலிருந்து வட்டி, அதற்குத் தனிக் கட்டணம்.

பீரோவில் இருக்கும் நகை

42 சதவிகிதக் கடனை 10, 12 சதவிகிதக் கடனாக மாற்றிக்கொள்வதுதான் இங்கே பாதி வைத்தியம். அதற்கு தஞ்சை மாவட்டத்து வீடுகளில் முதலில் ஞாபகம் வருவது நகை.

வங்கியில் வருடத்துக்கு 9.5 சதவிகித வட்டியில் நகைக்கடன் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அதே 1 லட்சத்தை அதே 5,000 ரூபாய்த் தவணையில் 22 மாதங்களில் அடைத்துவிடலாம். மொத்த வட்டி சுமார் 9,300 ரூபாய். கார்டிலேயே விட்டிருந்தால் 1 லட்சத்து 16 ஆயிரம். வட்டி விகிதம் வங்கிக்கு வங்கி, மாதத்துக்கு மாதம் மாறும். ஆனால் இந்த அளவு வித்தியாசத்தை அந்த மாற்றம் ஒன்றும் செய்துவிடாது. தனியார் நகைக்கடன் நிறுவனங்களில் வட்டி கூடுதல், சில திட்டங்களில் 20 சதவிகிதத்தைத் தாண்டும். ஐந்து நிமிடத்தில் பணம் தருகிறார்களே என்று போவதற்கு முன், ஒருநாள் செலவழித்து வங்கியிலும் கூட்டுறவு சங்கத்திலும் கேட்டுவிடுவது நல்லது.

இங்கே ஒரு சிக்கலும் இருக்கிறது. வங்கி நகைக்கடன்களில் பல, வருடக் கடைசியில் அசலும் வட்டியுமாக மொத்தமாகக் கட்ட வேண்டியவை. மாதாமாதம் கேட்க ஆளில்லை என்பதால் பணம் வேறு செலவுக்குப் போய்விடும். வருட முடிவில் வட்டியை மட்டும் கட்டி 'திருப்பி வைப்பது' நம் பக்கத்தில் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. நகைக்கடனில் மாதத் தவணை வசதி இருந்தால் அதையே கேட்டு வாங்கலாம். இல்லையென்றால், முன்பு கார்டுக்குக் கட்டிய 5,000-த்தை அதே தேதியில் நகைக்கடன் கணக்கிலேயே கட்டிவரலாம். கார்டில் காலியான லிமிட்டைப் பார்த்து மறுபடி தேய்க்கத் தொடங்கினால், நகையும் போய் கார்டும் நிரம்பி, இரட்டைக் கடனாகிவிடும். இந்த வழியில் போனவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நகைக்கடன் பற்றி ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புதிய விதிகளை வெளியிட்டது. 2026 ஏப்ரல் 1-க்குள் எல்லோரும் அதற்கு மாற வேண்டும். இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு நகை மதிப்பில் 85 சதவிகிதம் வரை தரலாம். அதற்கு மேல் 5 லட்சம் வரை 80 சதவிகிதம். அதையும் தாண்டினால் 75 சதவிகிதம். கடனை முழுதாக அடைத்த பிறகு 7 வேலை நாள்களுக்குள் நகையைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு.

விவசாய நகைக்கடன் என்றால் வட்டி இன்னும் குறைவு. சிட்டா, அடங்கல் கொடுத்து வாங்கி, கார்டை அடைத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. அது சாகுபடிக்கான மானிய வட்டிக் கடன். வேறு செலவுக்குத் திருப்புவது விதிமீறல். அதோடு அடுத்த நடவுக்குப் பணமில்லாமல் போய், மறுபடி கார்டுதான் கைக்கு வரும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பீரோவில் இருக்கும் நகை பெரும்பாலும் மனைவியுடையது, அவர் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்தது. கார்டு கடன் இவ்வளவு என்பதை மறைத்துவிட்டு, 'ஒரு அவசரம், அடுத்த மாசம் மீட்டுடலாம்' என்று வாங்கிப் போவது பல வீடுகளில் நடக்கிறது. கடனைவிட அந்த மறைப்புதான் பிறகு பெரிய சண்டையாகிறது. ஸ்டேட்மென்ட்டை மேஜையில் விரித்து வைத்து, "ஏங்க, மொத்தம் எவ்வளவுதான் இருக்கு? ஒண்ணு விடாம சொல்லுங்க" என்று அவர் கேட்கவும், இவர் சொல்லவும் ஒரு சாயங்காலம் ஒதுக்க வேண்டும். நகையை வைப்பதா வேண்டாமா என்பதை முடிவு செய்யும் உரிமை அதன் சொந்தக்காரருக்குத்தான் இருக்கிறது.

நகை இல்லாதவர்களுக்கு

பாபநாசத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கும்பகோணத்தில் 1904-ல் தொடங்கிய கும்பகோணம் வங்கிதான் இன்றைய சிட்டி யூனியன் வங்கி. அதே 1904-ல்தான் இந்தியாவின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டமும் வந்தது. லேவாதேவிக்காரர்களிடமிருந்து விவசாயியை மீட்பதுதான் அப்போதைய பேச்சு. நூற்றிருபது வருடம் கழித்து, அதே ஊர்க்காரர் பிளாஸ்டிக் அட்டையிலிருந்து மீள அதே இடங்களையே நாட வேண்டியிருக்கிறது.

ஆசிரியர்கள், போக்குவரத்துக் கழகத்தினர், அரசு ஊழியர்களுக்குப் பணியாளர் கூட்டுறவு சிக்கன நாணயச் சங்கங்கள் உண்டு. 'சொசைட்டி லோன்' என்றால் எல்லோருக்கும் தெரியும். சம்பளத்திலேயே பிடித்துக்கொள்வதால் தவணை தவறாது. கார்டு வட்டியோடு ஒப்பிட்டால் அங்கே வட்டி பல மடங்கு குறைவு. இதை மகன் கல்யாணத்துக்கு என்று எடுத்து வைத்திருப்பார்கள். கார்டில் 1 லட்சம் எரிந்துகொண்டிருக்கும்போது சொசைட்டியைத் தொடாமல் வைத்திருப்பதில் லாபம் ஒன்றுமில்லை.

மகளிர் சுயஉதவிக் குழுவில் இருக்கும் பெண்களுக்கு, குழுவின் உள்கடன் இன்னொரு வழி. தொகை சிறியதாக இருக்கலாம். மூன்று கார்டில் ஒன்றையாவது முழுதாக முடிக்க அது போதும். ஆனால் அது பத்துப் பதினைந்து பெண்களின் சேமிப்பு. ஒருவர் தவறினால் குழுவுக்கு அடுத்த வங்கிக் கடன் சிக்கலாகும் என்பதை யோசித்துத்தான் கேட்க வேண்டும்.

எல்.ஐ.சி பாலிசி சில வருடங்கள் ஓடியிருந்தால், அதன் சரண்டர் மதிப்பில் பெரும்பகுதியைக் கடனாக வாங்கலாம். வங்கியில் டெபாசிட் வைத்திருப்பவர்கள் அதன் மேல் கடன் வாங்கினால், டெபாசிட் வட்டியைவிட ஒன்றிரண்டு சதவிகிதம்தான் கூடுதலாகும். 'அவசரத்துக்கு இருக்கட்டும்' என்று 7 சதவிகிதத்தில் டெபாசிட் வைத்துக்கொண்டு, கார்டுக்கு 42 கட்டும் வீடுகள் நிறைய. அந்த அவசரம் ஏற்கெனவே வந்துவிட்டது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

பெர்சனல் லோன் கிடைத்தால், 14 சதவிகிதம் என்று வைத்துக்கொண்டாலும் 5,000 ரூபாய்த் தவணையில் 23 மாதத்தில் முடியும். வட்டி சுமார் 14,500. பிராசஸிங் கட்டணம் தனி. 2024 அக்டோபர் முதல், இப்படிப்பட்ட கடன்களுக்கு எல்லாக் கட்டணங்களையும் சேர்த்து உண்மையான வருட வட்டி எவ்வளவு என்பதைக் காட்டும் முக்கிய விவரத் தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். தமிழில் கேட்டு வாங்கிப் படித்த பிறகு கையெழுத்துப் போடலாம்.

வேறு எதுவுமே கிடைக்காதவர்கள், கார்டு நிறுவனத்திடமே நிலுவையை இ.எம்.ஐ-யாக மாற்றித் தரச் சொல்லலாம். 16 சதவிகிதமும் வட்டி மேல் ஜி.எஸ்.டி-யும் என்றால்கூட, 24 மாதம் சொச்சத்தில் 1 லட்சத்து 21 ஆயிரத்தோடு முடிகிறது. போன் செய்து கேட்டாலே பல நேரம் கிடைத்துவிடும். தவணை தவறத் தொடங்குவதற்கு முன்பே கேட்பது முக்கியம்.

ஏலச்சீட்டு எடுத்து அடைப்பவர்களும் உண்டு. பதிவு பெற்ற சீட்டாக இருந்து, தள்ளுத்தொகை அதிகமில்லை என்றால் சரி. அவசரத்தில் ஆரம்ப மாதங்களிலேயே அதிகம் தள்ளி எடுத்தால், அந்தத் தள்ளுபடியே கார்டு வட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும். போனில் வரும் கடன் ஆப்களைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

நெல் பணம் வந்த அன்று

கொள்முதல் பணம் கணக்கில் ஏறியதும் செலவுகள் வரிசையில் நிற்கும். அறுவடை மெஷின் வாடகை, உரக்கடை பாக்கி, பொங்கல் துணி, தை மாசி முகூர்த்தங்களுக்கான மொய். இவற்றோடு கார்டும் வரிசையில் ஒன்றாக நின்றால், கடைசியில் மினிமம் டியூதான் மிஞ்சும்.

அதில் 40,000 ரூபாயை, அதாவது சுமார் 16 குவிண்டால் நெல்லின் விலையை, வந்த அன்றே கார்டில் போட்டால் மாதம் 1,652 ரூபாய் வட்டியும் வரியும் நின்றுபோகும். அதே 40,000-ஐ 7 சதவிகித டெபாசிட்டில் போட்டால் மாதம் 233 ரூபாய்தான் கிடைக்கும். பில் தேதி வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். வட்டி நாள் கணக்கில் ஓடுவதால் எந்த நாளில் கட்டினாலும் அன்றிலிருந்து குறையும்.

சம்பளம் வரும் தேதிக்கும் பில் தேதிக்கும் பொருந்தவில்லை என்றால், பில் சுழற்சியை மாற்றித் தரச் சொல்லி கேட்கலாம். குறைந்தது ஒருமுறையாவது மாற்ற வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கெடு தேதியைத் தாண்டினாலும் மூன்று நாள் வரை தாமதக் கட்டணம் போடக் கூடாது என்பதும் ரிசர்வ் வங்கி விதி.

இரண்டு மூன்று கார்டு வைத்திருப்பவர்கள் எதை முதலில் அடைப்பது? கணக்குப்படி பார்த்தால் வட்டி அதிகமான கார்டுதான். ஆனால் 12,000 ரூபாய் நிலுவையுள்ள சின்னக் கார்டு ஒன்று இருந்தால், அதை முதலில் முடித்துவிட்டு ஒரு பில் குறைந்த நிம்மதியோடு அடுத்ததுக்குப் போகிறவர்கள், பாதியில் விட்டுவிடுவது குறைவு. வட்டி வித்தியாசம் பெரிதாக இல்லாதபோது மனசுக்கு எது சுலபமோ அதையே செய்யலாம். மற்ற கார்டுகளுக்கு மினிமம் டியூ மட்டும் தவறக் கூடாது.

புதிய கடன் எதுவும் கிடைக்காதவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அதே 1 லட்சத்துக்கு மாதம் 5,000-த்துக்குப் பதில் 8,000 கட்டினால், 43 மாதம் 18 மாதமாகக் குறைகிறது. கூடுதலாகக் கட்டும் 3,000 ரூபாய் முழுக்க அசலுக்கே போவதால் வரும் மாற்றம் இது. வீட்டுப் பால், தோட்டத்துத் தேங்காய், ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை என்று அந்த 3,000 எங்கிருந்து வரும் என்பது வீட்டுக்கு வீடு வேறு.

தள்ளுபடி வராது, மிரட்டலுக்கும் பயம் வேண்டாம்

2021-ல் தமிழக அரசு கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயைத் தள்ளுபடி செய்தது. பிறகு 5 பவுன் வரையிலான கூட்டுறவு நகைக்கடன்களும் தகுதி உள்ளவர்களுக்குத் தள்ளுபடியாயின. டெல்டாவில் கடன் என்றாலே தேர்தல் வரை இழுத்துப் பார்க்கும் மனநிலை சிலருக்கு இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். கிரெடிட் கார்டு நிலுவைக்கு அப்படி ஒன்று வராது. இழுக்கும் ஒவ்வொரு மாதமும் நாலு சிப்பம்.

உண்மையிலேயே கட்ட முடியாதவர்களுக்கு 'செட்டில்மென்ட்' உண்டு. பல மாதம் நிலுவையான பிறகு, ஒரு தொகையைக் கட்டி முடித்துக்கொள்ள வங்கி சம்மதிக்கலாம். அதைக் கடிதமாக வாங்கிய பிறகுதான் பணம் கட்ட வேண்டும். ஏஜென்ட் கையில் ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது. ஆனால் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்ற சொல் பல வருடம் நிற்கும். நாளைக்கு வீட்டுக்கடனோ, மகளின் கல்விக்கடனுக்குக் கூட்டுக் கையெழுத்தோ போடப்போகும்போது அது குறுக்கே வரும். முழுதாக அடைக்க வாய்ப்பிருப்பவர்கள் தள்ளுபடி ஆசையில் இதில் இறங்க வேண்டாம்.

மக்கள் நீதிமன்றத்திலும் வங்கிக் கடன்களைப் பேசி முடிக்கலாம். வக்கீல் கட்டாயமில்லை, நீதிமன்றக் கட்டணமில்லை. அங்கே போடும் உத்தரவுக்கு மேல்முறையீடு கிடையாது என்பதால், கட்ட முடிகிற தொகைக்கு மட்டுமே சம்மதிக்க வேண்டும். இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண் இருக்கிறது.

கார்டு பில் கட்டாததற்காக மட்டும் யாரையும் ஜெயிலில் போட முடியாது. அது சிவில் விவகாரம். கொடுத்த காசோலை அல்லது தானியங்கித் தவணை ஒப்புதல் பணமில்லாமல் திரும்பினால் மட்டும் குற்ற வழக்குக்கு இடமுண்டு, அதில் கவனம் தேவை. வசூல் ஏஜென்ட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பிறகும் போன் செய்யக் கூடாது. அக்கம்பக்கத்தில் சொல்லி அவமானப்படுத்துவது, உறவினர்களுக்கு போன் போடுவது, மிரட்டுவது எதற்கும் ரிசர்வ் வங்கி அனுமதியில்லை. தேதி, நேரம், எண் எழுதி வைத்துக்கொண்டு முதலில் வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் சரியில்லையென்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது. தகவல் எண் 14448. சின்ன ஊரில் வாசலில் வந்து நின்று சத்தம் போடுவதற்குப் பயந்து விபரீதமாக யோசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அப்படி யாருக்காவது தோன்றினால், 14416 அல்லது 104-ல் எந்த நேரமும் பேசலாம். கடன் விஷயத்தை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

அடைத்த பிறகு

கடைசித் தவணை கட்டிய மாதத்தோடு வேலை முடிந்துவிடாது. கடைசி பில்லுக்கும் பணம் கட்டிய நாளுக்கும் நடுவில் ஓடிய வட்டி அடுத்த மாதம் சில நூறு ரூபாயாக வந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் விட்டு, அதுவே தாமதக் கட்டணத்தோடு வளர்ந்த கதைகள் உண்டு. அதையும் கட்டி நிலுவை பூஜ்யம் என்று பார்த்த பிறகு, வேண்டாத கார்டை மூடச் சொல்லி எழுத வேண்டும். நிலுவை இல்லாத கார்டை 7 வேலை நாளில் மூட வேண்டும். தாண்டினால் நாளுக்கு 500 ரூபாய் வங்கி தர வேண்டும் என்பது 2022-ல் வந்த விதி. நிலுவையில்லாச் சான்றைக் கேட்டு வாங்கி, பத்திரங்களோடு வைக்கலாம்.

பிறகு சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களிடமிருந்து வருடத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கிடைக்கும் அறிக்கையை எடுத்துப் பார்க்க வேண்டும். பாபநாசம் வட்டத்துக்காரர்களுக்கு இதன் அவசியத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. திருமண்டங்குடி சர்க்கரை ஆலை விவகாரத்தில், தங்கள் பெயரில் வங்கிக் கடன் வாங்கப்பட்டிருப்பதாகக் கரும்பு விவசாயிகள் 2022 நவம்பரில் தொடங்கிய போராட்டம் நீண்ட காலம் நடந்தது. அறிக்கையில் தவறு இருந்தால் எழுதிக் கொடுத்த 30 நாளுக்குள் திருத்த வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. எழுதிக் கொடுத்ததற்கான ரசீது எண்ணை மறக்காமல் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.